கல்லீரலுக்குப் போன பிறகும்...

"எங்க சின்ன மாமியாருக்கு வயித்துக் கட்டி கல்லீரலுக்குப் போயிருச்சாம். இனி அலைஞ்சு என்ன செய்ய? வீட்டிலேயே வச்சுக்கிட்டாக."

கோச்சடையில் ஒரு திண்ணையில் கேட்ட பேச்சு இது. நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். இந்தப் பயம் காரணமில்லாததல்ல. வயிறு, குடல் ஆகியவற்றிலிருந்து திரும்பும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. வைகையில் வரும் செத்தை மதகில் ஒதுங்குவதுபோல, புற்று அணுக்கள் அங்கே தங்கிவிடுகின்றன. ஆனால், புகுந்த வீடு கல்லீரலானாலும் பிறந்த வீட்டுக் குணம் போவதில்லை! பிறந்த இடத்தைப் பார்த்துத்தான் மருந்து.

பின்லாந்து தேசத்தில் ஐம்பது வயது அம்மாள் ஒருவர். வயிற்றில் தோன்றிய 'ஜிஸ்ட்' என்ற அபூர்வக் கட்டி கல்லீரலில் பரவியிருந்தது. ஆபரேஷனுக்கும் மற்ற மருந்துகளுக்கும் அது அடங்கவில்லை. 2000 மார்ச்சில், ஒரு வகை ரத்தப் புற்றுக்காகத் தயாரான இமாட்டினிப் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்களிலேயே கட்டிகள் சுருங்கத் தொடங்கின!

சாதாரணப் புற்று மருந்து, வேகமாக வளரும் அணுக்களையெல்லாம் தாக்கும்; தலைமயிர் கொட்டுவதும் அதனால்தான். இதுவோ, அணுவை "வளர், வளர்" என்று நச்சரிக்கும் 'கிட்' என்ற புரதத்தின் வாயைக் குறி பார்த்து அடைக்கிறது.

விலைதான் கண்ணைக் கட்டியது. மாதம் சுமார் 1,20,000 ரூபாய்! நம் நாட்டுக் கம்பெனிகள் அதையே சுமார் பத்தாயிரத்துக்குக் கொடுத்தன. சுவிட்சர்லாந்தின் நோவார்டிஸ் கம்பெனி காப்புரிமை கேட்டது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் மறுத்தது. சுப்ரீம் கோர்ட்டும் 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி மறுத்துத் தீர்ப்பளித்தது. நம் சென்னையில் தொடங்கிய வழக்கு என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

எல்லாக் கட்டிக்கும் இந்த மாத்திரை கேட்காது. குடல் புற்றுக்கு வேறு மருந்துகள்; அவற்றில் செடுக்ஸிமாப் என்பது, 'ராஸ்' என்ற ஜீன் மாறியிருந்தால் பலிக்காது. கட்டியின் சிறு துணுக்கைச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தச் சோதனை ஆயிற்றா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இமாட்டினிப்பைச் சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீருடன் கொடுக்க வேண்டும். கண் இரப்பை வீங்கலாம், குமட்டலாம். உடம்பு தேறியதென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடங்கிய கட்டி மறுபடி தலையெடுக்கும். பக்கத்து வீட்டுப் பச்சிலைக் கஷாயம் உள்ளே போகிறதென்றால், அதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

திண்ணை அம்மாளிடம், "துணுக்குச் சோதனை செய்தார்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? பீரோவிலே ஒரு பை நிறையக் காகிதம் கிடக்கு" என்றவர், சற்று யோசித்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.