இருகண் தொலைநோக்கியைத் தெரிவு செய்வது எப்படி?

பறவைகளையும் விண்மீன்களையும் அருகிற் காணவேண்டும் என்னும் ஆவல் பிள்ளைகளுக்கு இயல்பாகவே உண்டு. அந்த ஆவலை வளர்க்கும் எளிய கருவி, 'பைனாகுலர்' என்று நாம் வழங்கும் இருகண் தொலைநோக்கியாகும். இதனை வாங்கச் செல்லும் பெற்றோர் பலர், "எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும்?" என்னும் ஒரே கேள்வியையே கேட்கின்றனர். பெருக்கத்தை மட்டும் நம்பி வாங்கிய கருவியிற் காட்சி ஆடி அசைந்து மங்கலாகத் தெரியுமாயின், பிள்ளை அதனை இரண்டொரு நாளில் மூலையிற் போட்டுவிடும். பணத்துடன் ஆவலும் வீணாகிவிடும்.

கருவியின் மேல் 8×42 என்பது போன்ற இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் பெருக்கம். 80 மீற்றர் தொலைவிலுள்ள பறவை 10 மீற்றரில் இருப்பதுபோலத் தோன்றும். இரண்டாம் எண், ஒளி புகும் முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில்.

மாணவர்களே, இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42 கருவியில் அது 5 மில்லிமீற்றருக்குச் சற்று மேல்; 8×21 கருவியில் ஏறத்தாழ 2.6. நம் கண்மணி பகலொளியில் 2 அல்லது 3 மில்லிமீற்றர் அளவே திறந்திருக்கும். இருளில் இளையோர்க்கு 7 வரை விரியும். ஆகவே சிறிய கருவி பகலுக்குப் போதும். அந்திக்கும் இரவுக்கும் போதாது.

பெருக்கம் கூடும்போது கைநடுக்கமும் அதே அளவு பெருகும். காட்சிப் பரப்பும் பெரும்பாலும் குறுகும். பத்து மடங்குக்கு மேற்பட்டால் மூன்றுகால் தாங்கி வேண்டும். பிள்ளைகளுக்கு 7 அல்லது 8 மடங்கே ஏற்றது.

அடுத்தது கண்ணாடியின் தரம். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 வீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்புகளைக் கடப்பதற்குள் மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். எனவே எல்லா வில்லைகளுக்கும் பல அடுக்குப் பூச்சு உண்டா என்று கேட்டறிக.

நடுத்தர விலையில், அதாவது ஏறத்தாழ 100 முதல் 300 அமெரிக்க டொலர் வரையில், இருவகை அமைப்புகள் கிடைக்கும். நேர்க்குழாய் வடிவினது கைக்கு அடக்கமானது. ஆனால் அதனுள்ளிருக்கும் அரியங்களை மிக நுட்பமாகச் செய்யவேண்டும். இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854இல் உரிமம் பெற்ற அரிய அமைப்பைக் கொண்டது, தோள் அகன்ற பழைய வடிவினது. சற்றுப் பருமனாயினும், குறைந்த விலையிலேயே தெளிவான காட்சியைத் தரும்.

வாங்குமுன் பிள்ளையின் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் செய்க. பெரியோர்க்கான கருவிகள் சில, சிறு முகத்துக்குப் பொருந்துமளவு மடங்குவதில்லை. இரண்டு வட்டங்கள் ஒன்றாகத் தெரியவேண்டும். மூக்குக்கண்ணாடி அணிவோர்க்குக் கண்வில்லையிலிருந்து 15 மில்லிமீற்றருக்குக் குறையாத பார்வை இடைவெளி தேவை. எடையையும் நோக்குக, 700 கிராம் கருவியும் சிறு கழுத்துக்குப் பாரமே.

தக்க கருவி கிடைத்தபின், வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கார்த்திகை மீன்கள் பல பத்தாகப் பெருகும். கருவியை மதில்மேல் ஊன்றிப் பிடித்தால், கலிலியோ 1610இல் கண்ட வியாழனின் நான்கு நிலவுகளையும் காணலாம். ஆனால் சூரியனை ஒருபோதும் இதனூடாகப் பார்த்தலாகாது. நொடிப்பொழுதில் பார்வை பறிபோகும். இதனைப் பிள்ளைகளுக்கு முதலிற் சொல்லிக்கொடுத்த பின்னரே கருவியைக் கையிற் கொடுங்கள்.