கச்சாலில் இருந்து பார்த்தால் தெரியும் வெளியுறவு

நிக்கோபாரில் நான்கவுரிக்குப் பக்கத்தில் இருக்கிற கச்சால் தீவில் அரசாங்கம் ரப்பர் தோட்டம் போட்டது. அங்கே வேலைக்கும் குடியிருப்புக்கும் வந்தவர்களில் இலங்கை மலையகத் தமிழர்கள் உண்டு. ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது விடிகாலை வேலை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். பட்டையைச் சரிவாக, மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்கே காயம். சிரட்டையில் சொட்டுச் சொட்டாகப் பால் சேரும்.

அந்தக் குடும்பங்கள் கச்சாலுக்குத் தாமாகத் தேடி வரவில்லை. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட ஒப்பந்தம்தான் அவர்களைக் கடல் கடக்க வைத்தது. வெளியுறவு என்றால் டெல்லியில் நடக்கும் கைகுலுக்கல் என்று நினைக்கிறோம். அது யார் எந்த மண்ணில் வேலை செய்வது என்பதையும் தீர்மானிக்கிறது. அதனால்தான் கட்சிகளுக்குள் இருக்கும் வெளியுறவுக் குழுக்களைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

நாட்டுக்கு வெளியுறவு அமைச்சகம் இருக்கும்போது கட்சிக்குத் தனியாக ஒரு குழு எதற்கு? அமைச்சகம் பேசுவது பெரும்பாலும் இன்னொரு அரசாங்கத்தோடு. கட்சிக்காரர் அந்த நாட்டின் தொழிற்சங்கத்தோடும் எதிர்க்கட்சியோடும் சாதாரண ஜனங்களோடும் உட்கார்ந்து பேசலாம். திரும்பி வந்து மாநாட்டில் தீர்மானம் கொண்டுவரலாம், தேர்தல் அறிக்கையில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி மல்லுக்கு நிற்கலாம், தம் எம்.பி.க்களைக் கேள்வி கேட்க வைக்கலாம். கையெழுத்துப் போடும் அதிகாரம் இந்தக் குழுவுக்குக் கிடையாது. கையெழுத்துப் போடப்போகிறவரின் காதில் யாருடைய குரல் விழ வேண்டும் என்பதில்தான் அதன் பலம்.

நம் நாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரி சுதந்திரத்துக்கு முன்பே இருந்தது. 1936இல் நேரு தலைவராக இருந்தபோது, காங்கிரஸ் அலகாபாத்தில் வெளிநாட்டுத் துறை ஒன்றைத் தொடங்கியது. பெர்லினில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றுத் திரும்பியிருந்த ராம் மனோகர் லோகியாவிடம் அந்தப் பொறுப்பு போனது. அப்போது அவருக்கு 26 வயது. பிற நாட்டு விடுதலை இயக்கங்களோடு கடிதப் போக்குவரத்து, வெளிநாட்டு நிலவரம் பற்றிய குறிப்புகள், கடல் கடந்து போன இந்தியக் கூலிகளின் நிலைமை என்று வேலை நடந்தது. மத்திய ஆட்சி கையில் இல்லாத கட்சி, 1938இல் ஜப்பானியப் படையெடுப்பில் சிக்கிய சீனாவுக்கு ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் ஒருவரான கோட்னிஸ் 1942இல் அங்கேயே இறந்தார்.

மலையகத் தமிழருக்கு நெருக்கமானது 1939ஆம் ஆண்டு. இலங்கை அரசுத் துறைகளில் தினக்கூலியாக இருந்த இந்தியர்களை வேலையிலிருந்து நீக்க கொழும்பு முடிவு செய்தது. காங்கிரஸ் நேருவை அங்கே அனுப்பியது. அமைச்சர்களோடு பேசியும் ஆட்குறைப்பை அவரால் நிறுத்த முடியவில்லை. ஆனால் அந்த ஜூலையில், அவர் அங்கே இருந்தபோது, சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றுகூடி இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஆயின. பிற்பாடு அதுவே மலையகத் தலைவர் தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ். அரசாங்கத்தின் ஏஜென்ட் செய்யாத ஒன்றைக் கட்சியின் தூதர் செய்தார்: தோட்டத்து ஜனங்கள் தங்களுக்காகத் தாங்களே பேச ஓர் இடம் உண்டானது.

இருபத்தைந்து வருடம் கழித்து அதே கட்சி டெல்லியில் ஆட்சியில் இருந்தது. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் சுமார் 9,75,000 மலையகத் தமிழர்களின் தலைவிதி பேசப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று முடிந்தது. தொண்டமானின் சங்கத்தைக் கலந்து பேசவில்லை. அலகாபாத்தில் லோகியா தொடங்கி வைத்த பழக்கம் கட்சிக்குள் உயிரோடு இருந்திருந்தால், ‘அந்த ஜனங்களிடம் கேட்டீர்களா?’ என்று ஒருவராவது பிரதமரிடம் அழுத்திக் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து நின்றவர்களுக்கு அடுத்து எந்த ஊர் என்பதைக்கூட ஒரு காகிதம்தான் சொன்னது. சிலருக்கு அந்த ஊர் கச்சால்.

இன்றைக்கு இந்தக் கலையில் தேறியவர்கள் பிரிட்டனில் இருக்கிறார்கள். லேபர் கட்சிக்குள் இஸ்ரேல் நண்பர்கள் குழு 1957 முதல் இயங்குகிறது. ஈழத்திலிருந்து போன தமிழர்களும் லேபருக்குள் ஒரு தமிழர் அமைப்பு, கன்சர்வேட்டிவ் கட்சிக்குள் ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். எந்தக் கட்சி ஜெயித்தாலும் கதவு தட்ட உள்ளே ஆள் இருக்கும். இங்கே பாஜகவுக்கும் காங்கிரசுக்கும் வெளியுறவுத் துறைகள் உண்டு. வெளிநாட்டுத் தூதர்களுக்குக் கட்சியை அறிமுகப்படுத்துவதும் அயலக இந்தியர்களைத் திரட்டுவதும் நடக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தால் இடம்பெயரப் போகிறவரின் குரலை உள்ளே கொண்டுபோகும் வேலை போதுமான அளவு நடப்பதாக எனக்குப் படவில்லை.

அந்தமான் நிக்கோபாருக்கு மக்களவையில் ஒரே ஓர் இடம். தீவுகளின் தென்கோடியான இந்திரா முனையிலிருந்து சுமத்ரா 150 கிலோமீட்டர் சுமாருக்குத்தான். சென்னையோ ஆயிரத்துக்கும் மேல். இப்படிப்பட்ட ஊரில் வாக்குக் கேட்டு வருகிற கட்சியிடம் ரோடும் கப்பல் டிக்கெட்டும் கேட்கிறோம். உங்கள் வெளியுறவுக் குழுவில் தீவுக்காரர் யார் என்று நான் கேட்கப் போகிறேன்.

ஏன் கேட்கிறேன் என்றால், 1964இல் தள்ளிவைத்த அந்த 1,50,000 பேர் விஷயம் 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பேசியபோது தீர்ந்தது. நாட்டுக்கு 75,000 பேர் என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.