போகும்போது 25 மணி நேரம், திரும்பும்போது 23 மணி நேரம்

அட்லாண்டிக்கைக் கப்பலில் கடந்து, கப்பலிலேயே திரும்பினால் என்ன கற்கலாம்?

லண்டனிலிருந்து நியூயார்க் செல்ல விமானத்தில் எட்டு மணி நேரம் போதும். இருந்தும், இங்கிலாந்தின் சவுத்ஹேம்ப்டன் துறைமுகத்திலிருந்து அதே நியூயார்க்குக்கு ஏழு இரவுகள் கப்பலில் செல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் திரும்பும்போதும் விமானம் ஏறுவதில்லை. அதே கப்பலில் இன்னும் ஏழு இரவுகள். ஆக, போய்வர இரண்டு வாரம்.

இது நேர விரயம் அல்லவா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால், சன்னல் திரையை இறக்கிவிட்டுத் தூங்கும் விமானப் பயணிக்குக் கிடைக்காத பாடங்கள் இந்த இரண்டு வாரங்களில் உண்டு. வகுப்பறையில் தனித்தனியாகப் படிக்கும் புவியியல், இயற்பியல், வரலாறு மூன்றும் அங்கே ஒரே பயணத்தில் சந்திக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, போவதும் திரும்புவதும் ஒன்றல்ல என்பது அங்கேதான் விளங்கும்.

லைனர் வேறு, உல்லாசக் கப்பல் வேறு

இந்தப் பயணத்தைத் தொடர்ந்து நடத்தும் கப்பல் இன்று ஒன்றே ஒன்றுதான். அது கியூனார்ட் நிறுவனத்தின் ‘குயின் மேரி 2’. 2004 ஜனவரியில் முதல் பயணம் புறப்பட்ட இந்தக் கப்பலின் நீளம் 345 மீட்டர். நிமிர்த்தி வைத்தால் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் உயரத்தில் நான்கில் மூன்று பங்கு வரும்.

இரண்டு துறைமுகங்களுக்கு இடையே, குறித்த நாளில், குறித்த வழியில் ஆட்களையும் அஞ்சலையும் கொண்டுசேர்க்கும் கப்பலுக்குத்தான் லைனர் என்று பெயர். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடி, நம் தாத்தா பாட்டிகள் பலரை இந்த மண்ணில் இறக்கிவிட்ட ‘ரஜுலா’வும் லைனர்தான். உல்லாசக் கப்பல் அப்படியல்ல. வானிலை கெட்டால் அது வழியை மாற்றிக்கொண்டு வேறு தீவுக்குப் போய்விடலாம். லைனருக்கு அந்தச் சலுகை கிடையாது. புயல் அடித்தாலும் சொன்ன நாளில் சொன்ன ஊருக்குப் போயாக வேண்டும்.

அதனால் அதன் உடலமைப்பே வேறு. முன்பகுதி நீண்டு, கூர்மையாக அலையைக் கிழித்துச் செல்லும். உடலில் கூடுதல் எஃகு இருக்கும். உயிர்காப்புப் படகுகள் அலை எளிதில் எட்டாத உயரத்தில் தொங்கும். ‘குயின் மேரி 2’ ஏறத்தாழ 30 நாட் வேகம் வரை ஓடக்கூடியது. அன்றாடம் அவ்வளவு வேகம் தேவைப்படாது. வழியில் தாமதம் ஏற்பட்டால் ஈடுகட்டுவதற்காகவே அந்தக் கையிருப்பு.

நீளும் நாள், குறுகும் நாள்

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை. சவுத்ஹேம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே தீர்க்கரேகையில் ஏறத்தாழ 73 பாகை வித்தியாசம். 73ஐ 15ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 5 வரும். அதுதான் இரு நகரங்களுக்கும் இடையிலான ஐந்து மணி நேர வேறுபாடு.

விமானப் பயணி இந்த ஐந்து மணி நேரத்தையும் ஒரே மூச்சில் விழுங்குகிறார். கப்பல் பயணியோ அதைத் துண்டு துண்டாகச் சந்திக்கிறார். மேற்கே போகும்போது, ஐந்து இரவுகளில் கப்பலின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. அந்த நாள்களுக்கு 25 மணி நேரம். கிழக்கே திரும்பும்போது கடிகாரம் ஒவ்வொரு மணி நேரமாக முன்னுக்கு நகர்கிறது. அந்த நாள்களுக்கு 23 மணி நேரம்தான். போகும்போது கைக்கு வந்த ஐந்து மணி நேரத்தையும் திரும்பும்போது கடல் மிச்சமின்றி வாங்கிக்கொள்கிறது.

உடலும் இந்த வேறுபாட்டை உணர்கிறது. பெரும்பாலோருக்கு உடலின் உட்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. அதனால் நாள் நீண்டால் எளிதில் பழகிக்கொள்கிறது, குறுகினால் திணறுகிறது. மேற்கே பறப்பதைவிடக் கிழக்கே பறந்த பிறகு களைப்பு கூடுதலாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

வளைந்த கோடுதான் குறுக்குவழி

கப்பலின் பாதையை வரைபடத்தில் பார்த்தால், நேராகப் போகாமல் வடக்கே வளைந்து செல்வதுபோல் தோன்றும். வீட்டிலோ பள்ளியிலோ உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுங்கள். இங்கிலாந்திலும் நியூயார்க்கிலும் அதன் முனைகளை வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகவே வடக்கே, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து பக்கமாக ஒதுங்கும். உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி அதுதான்.

அந்தப் பக்கத்தில்தான் வெப்பமான வளைகுடா நீரோட்டமும் குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டமும் சந்திக்கின்றன. விளைவு, அடர்ந்த மூடுபனி. வடக்கிலிருந்து பனிப்பாறைகளும் மிதந்து வரும். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது இந்தக் கடற்பகுதியில்தான். கப்பலில் 2,200க்கும் மேற்பட்டோர் இருக்க, உயிர்காப்புப் படகுகளில் சுமார் 1,180 பேருக்கே இடம் இருந்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ 1,500 பேர். இன்று உலகெங்கும் பயணிகள் கப்பல்கள் பின்பற்றும் பாதுகாப்பு விதிகளின் முதல் வடிவம் 1914இல் அந்த மரணங்களிலிருந்து பிறந்தது.

காற்றுக்கும் இந்தக் கடலில் ஒரு பக்கச் சார்பு உண்டு. இங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும். பாய்மரக் காலத்தில், நியூயார்க்கிலிருந்து லிவர்பூல் வர மூன்று வாரங்களுக்குச் சற்று மேல் ஆகும். அதே கப்பல் திரும்பிப் போக ஐந்து, ஆறு வாரங்கள் ஆகும். ஒரே கடல்தான். ஆனால் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம்.

எழுத்தாளர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1842இல் போய்வந்த பயணமும் சுவையானது. ஜனவரியில் கியூனார்டின் ‘பிரிட்டானியா’ நீராவிக் கப்பலில் போனவர், குளிர்காலப் புயலில் படாதபாடு பட்டார். ஜூன் மாதம் திரும்பும்போது நீராவியே வேண்டாமென்று பாய்மரக் கப்பலில் ஏறினார். பள்ளத்துப் பக்கம் அல்லவா? மூன்று வாரங்களில் ஊர் வந்துவிட்டார்.

நிலக்கரி போதுமா?

டிக்கன்ஸ் போவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை, நீராவிக் கப்பலால் அட்லாண்டிக்கைக் கடக்க முடியுமா என்பதே விவாதமாக இருந்தது. தூரம் கூடினால் நிலக்கரி கூடுதலாக வேண்டும். அதற்குப் பெரிய கப்பல் வேண்டும். பெரிய கப்பலுக்கு இன்னும் கூடுதல் நிலக்கரி வேண்டும். இதற்கு முடிவே இல்லை என்று பலர் வாதிட்டனர்.

பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புருனெல் அந்தக் கணக்கில் ஓட்டை இருப்பதைக் கண்டார். கப்பலின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் இருமடங்காக்கினால் உள்ளே கொள்ளளவு எட்டு மடங்காகும். தண்ணீரில் உரசும் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். அதாவது, கப்பல் பெரிதாகப் பெரிதாக நிலக்கரிக்கான இடம், தேவையைவிட வேகமாக வளர்கிறது. அவர் வடிவமைத்த ‘கிரேட் வெஸ்டர்ன்’ 1838 ஏப்ரல் 8ஆம் தேதி பிரிஸ்டலிலிருந்து புறப்பட்டு 15 நாளில் நியூயார்க் அடைந்தது. ஏறத்தாழ 200 டன் நிலக்கரி மிச்சம் இருந்தது. அதற்கு முந்தைய நாள் வந்துசேர்ந்த சிறிய கப்பலான ‘சிரியஸ்’ஸில் நிலக்கரி கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தது. படிவம் மூன்று மாணவர்கூட போடக்கூடிய கணக்குதான். அதை நம்பிக் கப்பல் கட்டத்தான் துணிச்சல் தேவைப்பட்டது.

தோற்ற வேகம், மீண்ட கப்பல்

பிறகு வேகப் போட்டி தொடங்கியது. 1952இல் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ கப்பல் 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் கிழக்கு நோக்கி அட்லாண்டிக்கைக் கடந்தது. ஆனால் 1958இல் ஜெட் விமானச் சேவை வந்ததும் அந்த வேகம் ஒன்றுமில்லாமல் போனது. லைனர்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. புகழ்பெற்ற ‘குயின் எலிசபெத்’ விற்கப்பட்டு, மிதக்கும் பல்கலைக்கழகமாக மாற்றப்பட்டுக்கொண்டிருந்தபோது, 1972 ஜனவரியில் ஹாங்காங் துறைமுகத்தில் தீக்கிரையானது.

இன்று கப்பலில் செல்வது சூழலுக்கு நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். ஏழு இரவுகளுக்கு உணவகம், நூலகம், அரங்கம் எல்லாவற்றையும் சுமந்து செல்லும் லைனரில் ஒரு பயணிக்குச் செலவாகும் எரிபொருள், விமானப் பயணிக்கு ஆவதைவிடக் கூடுதல். மெதுவாகப் போவது வேறு, சிக்கனமாகப் போவது வேறு. கப்பல் துறையில் இனி நுழையும் தலைமுறை விடை காண வேண்டிய கேள்வி இது. புருனெலின் கணக்கைப்போல, இதிலும் யாராவது ஓர் ஓட்டையைக் கண்டுபிடிக்கக்கூடும்.

‘குயின் எலிசபெத்’ எரிந்தபோது, பிரிட்டனின் ‘புளூ பீட்டர்’ என்ற சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் ஆண்டு மலர் அதைப் பற்றி எழுதியது. இனி இப்படியொரு கப்பல் கட்டப்படாது என்பது அதன் முடிவு. ஸ்டீபன் பெய்ன் என்ற பள்ளிச் சிறுவனுக்கு அது பொறுக்கவில்லை. கட்ட முடியும் என்று தன் வரைபடத்துடன் கடிதம் எழுதினான். நிகழ்ச்சியினர் ஒரு நீல நிறச் சின்னத்தைப் பரிசாக அனுப்பினார்கள்.

அவர் முதலில் வேதியியல் படிக்கச் சேர்ந்து, பிறகு சவுத்ஹேம்ப்டன் பல்கலைக்கழகத்தில் கப்பல் அறிவியலுக்கு மாறினார். ‘குயின் மேரி 2’ஐ வடிவமைத்தவர் அவர்தான். நியூயார்க் துறைமுக வாயிலில் உள்ள வெரசானோ பாலத்தின் அடியில் நுழைய வேண்டும் என்பதற்காகக் கப்பலின் புகைபோக்கியைக் குட்டையாக்கினார். ஓதம் ஏறியிருக்கும் வேளையில் பாலத்துக்கும் புகைபோக்கிக்கும் இடையே சில மீட்டர்தான் இடைவெளி.

2004இல் கப்பல் சேவைக்கு வந்தபோது ‘புளூ பீட்டர்’ அவரை மறக்கவில்லை. இந்த முறை கொடுத்தது தங்கச் சின்னம்.