மேய்ச்சல் தரை – 6: சாணியில் இருக்கிறது விதை

1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கிய கும்பினிப் படை, அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்ததாகச் சொல்வார்கள். இனி அங்கே ஒரு குடியும் ஏறக் கூடாது என்பதற்காகவாம். இப்போது நிற்கும் கோட்டை 1974இல் அரசு கட்டிய நினைவுச்சின்னம். அதைப் பார்க்க வருகிறவர்கள், வழிநெடுக நிற்கும் சீமைக்கருவையைக் கவனிப்பதில்லை. அதையும் யாரோ விதைக்கத்தானே செய்தார்கள்?

விதைத்தது மாடுதான். கோடையில் புல் தீர்ந்ததும் இனிப்பான கருவைக்காயைத் தேடித் தின்னும். மேய்ச்சலில் காய்ந்து கிடக்கும் சாணி ஒன்றை உடைத்துப் பாருங்கள். வயிற்றுக்குள் போயும் கெடாத விதைகள் எருவோடு சேர்ந்து மழைக்குக் காத்திருக்கும். பழைய மேய்ச்சலைத் திருத்தப் போகிறவர்கள் புல் விதைக்கு அலைவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும். காய் தின்ற மாட்டைத் திருத்திய நிலத்தில் விட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

கருவையை வெட்டினாலும் போகாது, ஒரு தூரில் பத்துக் கிளை வெடிக்கும். தூரோடு பறிக்க வேண்டும். கரிமூட்டம் போடுகிறவர்கள் தூரை விட்டுவிட்டுத்தான் வெட்டுவார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. தூர் இருந்தால்தானே அவர்களுக்கு அடுத்த வெட்டு?

சரி, எதை விதைப்பது? கேட்டவுடன் எல்லோரும் சொல்லும் ஜோடி கொழுக்கட்டைப்புல்லும் முயல் மசாலும். செவல் காட்டுக்கு அது சரி. நம் கனத்த கரிசலில் ஐப்பசி மழைத் தண்ணீர் தேங்கினால் முயல் மசால் தாங்காது. வேலியோரம் படரும் சங்குப்பூ தாங்கும். அதுவும் பயறு வகைதான், மாடும் விரும்பித் தின்னும். அழகுக்கு வளர்ப்பது என்று அதை ஒதுக்கிவிட்டோம்.

கொழுக்கட்டைப்புல் விதையை உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. சுற்றிலும் சுணை, ஒரு ஊதலுக்குப் பறந்துவிடும். ஈர மணலில் பிசறித் தூவினால்தான் நினைத்த இடத்தில் விழும். அறுத்த கையோடு விதைத்தால் சரியாக முளைக்காது, சில மாதம் உறங்க வேண்டும். அதனால் போன வருஷத்து விதையைக் கேட்டு வாங்குங்கள். செவல் காட்டுக்காரர்கள் முயல் மசால் விதையைக் கொதி அடங்கிய வெந்நீரில் மூன்று நான்கு நிமிடம் போட்டெடுத்து, ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவிட வேண்டும். தோல் அவ்வளவு கெட்டி.

ஆழம் கூடாது. கரிசல் வெடிப்புக்குள் போன விதை போனதுதான். மேலாகக் கிளறி, முதல் மழையை ஒட்டித் தூவி, முள்ளுக் கொப்பை இழுத்துவிட்டால் போதும்.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். புல் பூத்து, விதை உதிரும்வரை ஒரு மாட்டு வாயும் படக் கூடாது. காங்கேயத்து மேய்ச்சல் நிலமான கொறங்காடு ஆளுக்கொரு பட்டா, சுற்றிலும் கிளுவை வேலி. அதனால் அடைத்துவைக்க முடிகிறது. நம் மந்தைப் புறம்போக்கு எல்லோருக்கும் சொந்தம், அடைக்கச் சொல்ல ஆளில்லை. ஊர் கூடிப் பாதியையாவது ஒரு வருஷம் அடைத்துவைத்தால், மறுபாதியில் மாடும் மேயும், சண்டையும் குறையும். கிடை போடுகிறவர்களையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வேலிக்கு முள் தேடி அலைய வேண்டாம், பறித்த கருவையே போதும். ஆனால் இழுத்துப் போடுவதற்கு முன்னால் அதில் தொங்கும் காயை உலுக்கிப் பொறுக்கி எரித்துவிடுங்கள்.

(தொடரும்)