ஊசிக்கு முன் ஒரு சொல்

ஒசூர் சிப்காட் ஆலைகளில் இரவுப் பணி முடித்து, பகலில் அரைகுறையாய் உறங்கி எழும் நம் சகோதரர்கள் சிலர், உடற்சோர்வும் இல்லற நாட்டக் குறைவும் கண்டவுடன் சுவரொட்டி வைத்தியரை நாடுகின்றனர். மனைவியிடம்கூட வாய் திறப்பதில்லை. மார்க்க ஐயங்களைக் கூச்சமின்றிக் கேட்போர், இதனை மட்டும் மறைப்பது ஏனோ!

விந்தகத்தில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன், உறக்கத்தில் உயர்ந்து காலையில் உச்சமெய்தும், மாலையில் தாழும். எனவே மாலையில் எடுத்த ஒற்றைப் பரிசோதனையைக் கொண்டு குறைபாடு என முடிவுகட்டலாகாது. வெவ்வேறு நாள்களின் காலை வேளையில் இருமுறை இரத்தம் பார்த்தல் வேண்டும். இருமுறையும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழ் இருந்து, அறிகுறிகளும் சேர்ந்திருந்தாலே குறைபாடு என்பது அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2018இல் வகுத்த வரையறை. இரவுப் பணியாளர் தம் உறக்க நேரத்தை மருத்துவரிடம் கூறி, நன்கு உறங்கி விழித்தபின் இரத்தம் கொடுத்தலே பொருத்தம்.

பருத்த வயிறும் நீரிழிவும் இச்சுரப்பைத் தாழ்த்துவன. எடை குறைந்தால் மருந்தின்றியே ஓரளவு உயர்வதுண்டு.

குழந்தைச் செல்வத்தை எதிர்நோக்கும் கணவருக்கோ டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆகாது. அது வெளியிலிருந்து வந்ததும், விந்தகத்தை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பி தன் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணுக்கள் அருகும், சிலருக்கு அறவே அற்றுப்போகும். ஊசியை நிறுத்தியபின் மீளப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இத்தகையோருக்கு வேறு மருந்துகள் உள்ளன. ஆகவே, 'எங்களுக்குப் பிள்ளை வேண்டும்' என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மனைவியும் உடன் வரட்டும்.