ஜெட் படகைப் பராமரிப்போம்



சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு கடலில் சீறிப் பாயும் சிறிய படகுகளைப் பார்த்திருப்பீர்கள். சில படகுகளின் பின்னால் காற்றாடி எதுவும் தெரியாது. தண்ணீர் மட்டும் பீய்ச்சி அடிக்கும். அதுதான் ஜெட் படகு. ஒருவர் இருவர் ஏறி ஓட்டும் தண்ணீர் ஸ்கூட்டரும் இதே இனம்தான்.

அந்தமானில் நாங்கள் நடத்தும் படிப்பு மையத்துக்கு ஒரு அண்ணன் வருகிறார். வயது நாற்பத்தைந்து இருக்கும். படகுத்துறையில் இப்படி ஒரு படகைக் கழுவித் துடைப்பது அவர் வேலை. ஒருநாள் தன் நோட்டில் சில ஆங்கில எழுத்துகளை எழுதிக்கொண்டு வந்தார். வரைந்துகொண்டு வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"தம்பி, எஞ்சின் மூடிக்குப் பக்கத்துல மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கு. நாலு வருசமா தினமும் துடைக்கிறேன். என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க" என்றார்.

படித்தேன். எஞ்சினைக் கிளப்பும் முன் 4 நிமிடம் ஊதுவிசிறியை ஓட விட வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் ஆவி வெடிக்கலாம் என்று இருந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்த சுவிட்ச் எதுக்குன்னே தெரியாது. சத்தம் போடுதுன்னு யாரும் போடுறதில்ல" என்றார்.

அதன் பிறகு படகோடு வந்த கையேட்டை இருவரும் சேர்ந்து படித்தோம். ஒரு மெக்கானிக்கிடமும் கேட்டோம். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படுத்துக் கிடக்கும் பம்பு செட்

ஜெட் படகு எப்படி ஓடுகிறது? கிணற்றில் இருக்கும் பம்பு செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் சல்லடை. அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். உள்ளே இம்பெல்லர் சுழலும். தண்ணீர் குழாய் வழியாக வேகமாக வெளியே போகும். ஜெட் படகிலும் இதே வேலைதான் நடக்கிறது. பம்பு படுத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான். படகின் அடியில் கம்பிச் சல்லடை இருக்கிறது. இம்பெல்லர் தண்ணீரை இழுத்துப் பின்பக்கக் குழாய் வழியாகத் தள்ளுகிறது. தண்ணீர் பின்னால் போகிறது, படகு முன்னால் போகிறது. அந்தக் குழாயை இடமோ வலமோ திருப்பினால் படகு திரும்பும்.

ஆகவே ஒன்றை மறக்கக் கூடாது. தண்ணீர் பாய்ந்தால்தான் படகு திரும்பும். பயந்துபோய் வேகத்தை முழுதாக விட்டுவிட்டால், சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் படகு நேராகவே போகும். புதிதாக ஓட்டுகிறவர்கள் பாறையில் மோதுவதற்கும் படகுத்துறையில் மோதுவதற்கும் இது ஒரு காரணம். படகைத் துறையில் இடம் மாற்றி நிறுத்துகிற தொழிலாளிக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

நியூசிலாந்து நாட்டில் ஆறுகள் ஆழம் குறைந்தவை. கற்கள் நிறைந்தவை. சாதாரணப் படகின் காற்றாடி அங்கே உடைந்துவிடும். பில் ஹாமில்டன் என்பவர் 1950-களில் அந்த ஆறுகளுக்காக ஜெட் படகை உருவாக்கினார். 1977-இல் எவரெஸ்ட் வீரர் எட்மண்ட் ஹிலாரி மூன்று ஜெட் படகுகளுடன் நம் நாட்டுக்கு வந்தார். கங்கை கடலில் கலக்கும் இடத்திலிருந்து ஆற்றை எதிர்த்து மேலே போனார். இமயமலையில் நந்தப்பிரயாகைக்கு அருகே ஓர் அருவி வழி மறித்தது. படகுப் பயணம் அங்கே முடிந்தது. எங்கள் தீவுக் கூட்டத்தில் உள்ள கார் நிக்கோபார் தீவின் பெயரைத் தாங்கிய கடற்படைக் கப்பல் 2009-இல் பணியில் சேர்ந்தது. அதுவும் நீர்த்தாரையால் ஓடுகிற கப்பல்தான்.

கிளப்பும் முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. படகின் அடிப்பள்ளத்தில் போய்த் தங்கும். எஞ்சின் அறை மூடியிருப்பதால் வெளியேற வழி இல்லை. சாவியைத் திருப்பும்போது ஒரு சிறு பொறி போதும். ஊதுவிசிறி இந்த ஆவியை வெளியே தள்ளுகிறது. 4 நிமிடம் அதை ஓட விட வேண்டும். பிறகு மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும். விசிறியைவிட மூக்கை நம்பலாம் என்பது என் கருத்து. பெட்ரோல் வாடை வந்தால் கிளப்பவே கூடாது. கசிவு எங்கே என்று தேட வேண்டும்.

பெட்ரோல் நிரப்பும்போது பயணிகள் இறங்கிவிட வேண்டும். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். பீடி, சிகரெட் கூடாது. நிரப்பி முடித்ததும் மறுபடி விசிறியைப் போட வேண்டும்.

படகின் அடியில் தண்ணீரை வடிக்க ஒரு துளை உண்டு. கரையில் வைத்துக் கழுவும்போது அதன் அடைப்பானைக் கழற்றுவோம். திரும்ப மாட்ட மறந்தால் படகுக்குள் கடல் வந்துவிடும். எங்கள் அண்ணன் அடைப்பானைக் கழற்றியதும் அதைப் படகுச் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார். அடைப்பானைத் தொடாமல் யாரும் சாவியை எடுக்க முடியாது. இது எந்தக் கையேட்டிலும் இல்லை. அவரே கண்டுபிடித்தது.

கிளப்பும் இடத்தில் குறைந்தது 3 அடி ஆழம் வேண்டும். ஆழம் இல்லாத இடத்தில் எஞ்சினை முடுக்கினால், பம்பு மணலையும் கல்லையும் சேர்த்து இழுக்கும். ஜெட் படகு ஆழம் குறைந்த தண்ணீரில் ஓடக்கூடியதுதான். ஆனால் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது படகு மேலெழும்பி மிதக்கும். நிற்கும்போது அப்படி இல்லை. கரை வரை எஞ்சினை ஓட்டிக்கொண்டு வந்து மணலில் ஏற்றுவது பார்க்க அழகாக இருக்கும். இம்பெல்லருக்கு அதைப் போல் கெடுதல் வேறு இல்லை.

கையை வைக்காதே

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பம்புக்குள் கயிறு, பிளாஸ்டிக் பை, பாசி ஆகியவை அடிக்கடி மாட்டும். எஞ்சின் அலறும், படகு நகராது. அவசரத்தில் சிலர் எஞ்சின் ஓடும்போதே சல்லடைக்கு அருகே கையை விடுவார்கள். உள்ளே சுழல்வது கூர்மையான உலோகம். விரல் போய்விடும்.

முதலில் எஞ்சினை அணைக்க வேண்டும். சாவியை எடுக்க வேண்டும். ஓட்டுநர் உடம்பில் மாட்டும் பாதுகாப்புக் கயிறு ஒன்று உண்டு. அதைப் பிடுங்கினால் எஞ்சின் நின்றுவிடும். அதையும் கழற்றி, பேட்டரி சுவிட்சையும் அணைக்க வேண்டும். சாவியும் கயிறும் உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும். வேறு யார் கையிலும் இருக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் கயிறு சுற்றிய திசைக்கு எதிராக மெதுவாகப் பிரித்து எடுக்க வேண்டும்.

பயணிகளிடமும் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடும்போது யாரும் படகுக்கு அடியிலோ பின்னாலோ நீந்தக் கூடாது. நீண்ட கூந்தலையும் துப்பட்டாவையும் பம்பு இழுத்துக்கொள்ளும். பின்னால் விழுகிறவர் மீது நீர்த்தாரை பாய்ந்தால் உடம்பின் உள்ளே காயம் ஏற்படலாம். வெளியே ரத்தம் தெரியாது. அதனால் எல்லோரும் ஏறி உட்கார்ந்து, பிடித்துக்கொண்ட பிறகே கிளப்ப வேண்டும்.

உப்பைக் கழுவுதல்

கடலில் ஓடும் படகுக்கு முதல் எதிரி உப்பு. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல் நீர் உள்ளே ஓடுகிறது. வேலை முடிந்ததும் அது உள்ளேயே காய்ந்தால் உப்பு படிந்து வழி அடைபடும். எனவே கடைசி ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீர்க் குழாயை மாட்டிச் சில நிமிடம் கழுவ வேண்டும்.

இதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். உடனே தண்ணீரைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் தண்ணீரை மூட வேண்டும். உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். ஏன்? எஞ்சின் ஓடினால்தான் புகை வெளியேறும். அந்தப் புகைதான் தண்ணீரையும் வெளியே தள்ளும். எஞ்சின் ஓடாதபோது குழாயைத் திறந்தால், தண்ணீர் புகைக்குழாயில் நிரம்பி எஞ்சினுக்குள்ளேயே போய்விடும்.

"நான் இத்தனை நாளா தண்ணியைத்தான் முதல்ல திறந்தேன்" என்றார் அண்ணன். அவர் மேல் தவறில்லை. மீன்பிடிப் படகில் பின்னால் மாட்டும் எஞ்சினுக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் எஞ்சின். அவர் அங்கே கற்றதை இங்கே செய்தார். ஆகவே உங்கள் படகின் கையேட்டைப் பார்த்து நடப்பதே சரி. தரையில் எத்தனை நிமிடம் எஞ்சினை ஓட்டலாம் என்பதும் அதில் இருக்கும்.

எங்கள் ஊரில் கோடையில் குடிக்கவே தண்ணீர் கிடைப்பது சிரமம். படகுக்குத் தண்ணீரா என்று கேட்பீர்கள். மழைக்காலத்தில் தொட்டியில் பிடித்து வைத்த தண்ணீர் இதற்குப் போதும்.

உப்பு உலோகத்தையும் தின்னும். அதற்காகப் படகில் துத்தநாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். கடல் நீர் முதலில் அந்தக் கட்டியைத் தின்னும். பம்பு தப்பும். கட்டி பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அழகுக்காக அதன் மேல் பெயிண்ட் அடித்தால் அது வேலை செய்யாது.

ஆயில், தேய்மானம்

மோட்டார் சைக்கிளுக்குக் கிலோமீட்டர் கணக்கு. படகுக்கு மணிக்கணக்கு. எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று மீட்டர் காட்டும். பல படகுகளுக்கு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். சுற்றுலாப் படகு சில மாதங்களிலேயே 100 மணியைத் தாண்டிவிடும். ஆயில் பால் விட்ட டீ போல் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்தப் படகை ஓட்டக் கூடாது. பழைய ஆயிலைக் கடலில் கொட்டாமல் கேனில் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இம்பெல்லரைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. மணல் தேய்த்துத் தேய்த்து அந்த இடைவெளி கூடும். அப்போது எஞ்சின் வேகமாகச் சுற்றும், படகு ஓடாது. கிளட்ச் தேய்ந்த மோட்டார் சைக்கிள் மாதிரி. முதலாளிகள் எஞ்சின் கெட்டுவிட்டது என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் வளையத்தை மாற்றினால் போதும்.

அண்ணன் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறார். தேதி, மீட்டர் காட்டிய மணி, செய்த வேலை என்று மூன்று கட்டம். தமிழில்தான் எழுதுகிறார்.

புதிய சாமான் போடும்போது

படகுக்கு என்ன புதிதாக வாங்கலாம் என்று முதலாளி கேட்டால், பெரிய ஸ்பீக்கர் என்று சொல்ல ஆள் இருக்கும். நான் சொல்வது, உள்ளே சேரும் தண்ணீரைத் தானாக இறைக்கும் பம்பு. தண்ணீர் ஏறியதும் மிதவை மேலே வரும், பம்பு தானே ஓடும். இரண்டாவது, மெதுவாகப் போகும்போதும் படகைத் திருப்ப உதவும் சிறு சுக்கான் பலகை. வேகத்தை விட்டால் படகு திரும்பாது என்று முன்பு சொன்னேனே, அந்தக் குறையை இது ஓரளவு தீர்க்கும். அலுமினிய இம்பெல்லருக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு இம்பெல்லர் போட்டால் கூடுதல் நாள் உழைக்கும். விலை அதிகம்.

ஒன்று மட்டும் செய்யவே கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டாரோ ஆல்டர்னேட்டரோ போனால், கார் கடையில் மலிவாகக் கிடைக்கும் அதே மாதிரிச் சாமானை மாட்டுவது. பார்க்க ஒன்று போலவே இருக்கும். பொருந்தவும் செய்யும். ஆனால் படகுச் சாமானில் பொறி வெளியே வராதபடி மூடியிருப்பார்கள். கார் சாமானில் அப்படி இல்லை. காரில் அடிப்பக்கம் திறந்திருக்கும், ஆவி கீழே போய்விடும். படகில் போகாது. இதைக் கேட்டதும் அண்ணன், "எங்க படகுல போன வருசம் மாத்தினது எந்தக் கடைச் சாமான்னு பாக்கணும்" என்றார். மறுநாள் மெக்கானிக்கை அழைத்துப்போய்ப் பார்த்தார். கார் சாமான்தான். முதலாளி முதலில் முணுமுணுத்தார். மஞ்சள் சீட்டைக் காட்டியதும் மாற்றச் சம்மதித்தார்.

பழுது பார்த்த படகை உடனே பயணிகளோடு எடுக்கக் கூடாது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். 2024 டிசம்பர் 18 அன்று மும்பை துறைமுகப் பகுதியில், எஞ்சின் சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படை விரைவுப் படகு ஒன்று கட்டுப்பாட்டை இழந்தது. எலிபெண்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் படகில் மோதியது. 15 பேர் இறந்தார்கள்.

எங்கள் அண்ணனின் படகு சோதனை ஓட்டத்துக்குக் காலை 6 மணிக்கே போனது. அந்த நேரத்தில் சுற்றுலாப் படகு எதுவும் கிளம்பாது. ஓட்டுநர் சாவியைத் தொடும் முன் அண்ணன் விசிறியைப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். 4 நிமிடம்.