பம்பரமும் இரு பாஷைகளும்

ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி, 1866-லேயே நகராட்சி என்னும் கௌரவத்தைப் பெற்ற வாலாஜாபேட்டையில், வீட்டுக்குள் தக்கனி உருதும் வாசற்படி தாண்டினால் தமிழுமாக வளரும் ஐந்து வயதுப் பாலகன் ஒருவன், கடைக்காரரிடம் "அண்ணா, இது எவ்வளவு?" என்று கணீரெனக் கேட்டுவிட்டு, அதே மூச்சில் பாட்டியின் பக்கம் திரும்பி, "நானி, மேரேகு பம்பரம் ஹோனா" (பாட்டி, எனக்குப் பம்பரம் வேண்டும்) என்று கெஞ்சினால், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பம்பரம் விடும் வித்தையைத் தெருப்பிள்ளைகளிடம் தமிழில் கற்றவனாதலால், உருது வாக்கியத்தின் நடுவிலும் அது பம்பரமாகவே சுழல்கிறது.

இதைக் குழப்பம் என்று கடிந்துகொள்ளும் பெரியவர்கள் உண்டு. ஆனால், கனடாவில் இருமொழிக் குழந்தைகளை ஆராய்ந்த பிரெட் ஜெனிசீ, இத்தகைய கலப்பைக்கொண்டே குழந்தைக்கு இரு பாஷைகளும் பிரிந்து தெரியவில்லை என முடிவுகட்டலாகாது என்று 1989-இல் வாதித்தார். கடைக்காரருக்குத் தமிழ், பாட்டிக்கு உருது என்று ஆளறிந்து பேசுகிறவனைக் குழம்பியவன் என்று எப்படிச் சொல்வது?

விசித்திரம் வேறிடத்தில் இருக்கிறது. இரு பாஷைகளில் ஒன்று ஓங்கியிருக்குமானால், அந்த ஓங்கிய பாஷைக்குத் திரும்புவதே எளிது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால், மியூட்டர், ஆல்போர்ட் என்னும் இருவர் 1999-இல் வெளியிட்ட பரிசோதனையில், எண்களை மொழி மாற்றி மாற்றிச் சொல்லும்போது, வலிய பாஷைக்குத் திரும்பும் தருணத்திலேயே தாமதம் அதிகமாயிற்று. வலிமை குறைந்த பாஷையில் பேச வேண்டி வலியதைப் பலமாக அடக்கிவைத்தவருக்கு, அந்த அடக்கத்தைத் தளர்த்தவும் அவகாசம் வேண்டும் என்பது அவர்களது விளக்கம். இரண்டிலும் சமமாகத் தேர்ந்தவர்களிடம் இந்த ஏற்றத்தாழ்வு இல்லை எனக் கோஸ்டா, சாந்தெஸ்தேபன் என்னும் ஆய்வாளர்கள் 2004-இல் கண்டனர். இவை பெரியவர்களை வைத்துச் செய்தவை. தாமதமோ வினாடியில் ஒரு சிறு பின்னம். ஆகையால் சிறுவர்மேல் அப்படியே சுமத்துவது தகாது.

மேலும், சிறுவரிடம் ஓங்கிய பாஷை என்பது நிலையானதுமன்று. மூன்று வயதில் பாட்டியின் உருதே பிரதானமாயிருந்தவனுக்குப் பத்து வயதில், பள்ளியின் பயனாக, கணக்குக்குத் தமிழும் கொஞ்சலுக்கு உருதுமாக ஆதிக்கம் பங்கிடப்பட்டுவிடுகிறது. சண்டைக்கு எது என்பது எதிராளியைப் பொறுத்தது! கவலைப்பட வேண்டியது இடையே புகுந்த பம்பரத்துக்காக அன்று, வீட்டில் உருதின் புழக்கமே குறைவதற்காகத்தான். ஆகவே, பேரன் தமிழில் பதில் சொன்னாலும், பாட்டிமார்கள் தங்கள் அடுத்த கேள்வியை உருதிலேயே கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.